மெத்தில் இடம் மாறிய நாள்

அன்புள்ள அருள்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்யாணத் தேதி, பெண் வீட்டார் பம்பாயிலிருந்து கிளம்பும் ரயில், நீ தைக்கக் கொடுத்திருக்கும் கோட்டின் நிறம் வரைக்கும் எழுதியிருந்தாய். அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். துறைமுகத்தில் கிரேன் ஏறிப் பழகிய மனிதர், எவ்வளவு உயரத்திலும் அவருக்குத் தலை சுற்றாது. மகன் கோட்டு போடப்போகிறான் என்றதும் சுற்றிவிட்டது. அப்புறம் கடைசிப் பத்திக்கு வந்தேன். வரவேற்புக்கு உன் ஆபீஸிலிருந்து பெரிய ஆட்கள் வருவார்கள், அதனால் சூசை மாமா, அவருடைய மீன்பிடி லாஞ்சு ஆட்கள், நம் தெருக்காரர்கள் எல்லாரும் கோயில் பூசைக்கு வந்து ஆசீர்வதித்துவிட்டுப் போனால் போதுமே, எழும்பூர் ஓட்டலுக்கு வேண்டாமே, அவர்கள் பேச்சும் சத்தமும் உங்களுக்கே தெரியும் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் நான் அப்பாவுக்குப் படிக்கவில்லை. அடுப்பில் மீன் கருகுகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

கோபம் வந்தது. வராமல் என்ன? உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காசிமேட்டு மணலில் ஓடிய மனிதரைத்தான் நீ வாசலோடு நிறுத்தச் சொல்கிறாய். ஆனால் அடுப்படியில் நின்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. உன்மேல் முழுத் தப்பும் இல்லை, உனக்குக் கதை தெரியாது. நான் டாக்டர் பட்டம் வாங்கியபோது நீ திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அப்பா உனக்கு ‘அம்மா பாஸ்’ என்று தந்தி அடித்தார். நீயும் உன் சிநேகிதர்களுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டாய். அந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய சண்டை, எவ்வளவு பெரிய வெற்றி அடங்கியிருந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்வது எனக்கு ஒத்துவராது என்று உனக்கே தெரியும்.

முதலில் நான் என்ன ஆராய்ச்சி செய்தேன் என்று தெரிந்துகொள். ‘அம்மா ஏதோ மீன் முட்டையில் ஏதோ பார்க்கிறாள்’ என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். வரப்போகிற பெண்டாட்டி ஸ்டெல்லாவிடமும் அப்படிச் சொல்லி மானத்தை வாங்காதே. ஆர்.என்.ஏ என்பது நான்கு எழுத்துகளால் கோத்த ஒரு சரம். அடினோசின், குவானோசின், சைட்டிடின், யூரிடின் என்பவைதான் அந்த நான்கு. ஒவ்வொன்றும் ஒரு சர்க்கரையும் அதன்மேல் உட்கார்ந்த ஒரு வளையமும் சேர்ந்தது. அதற்கு நியூக்ளியோசைடு என்று பெயர். புல்லுக்கும் புழுவுக்கும் உனக்கும் எனக்கும் இதே நான்குதான். ஆனால் சரம் கோத்து முடிந்த பிறகு செல் சும்மா இருப்பதில்லை. ஓர் எழுத்தில் மெத்தில் என்ற சின்னத் துணுக்கை ஒட்டும். இன்னொன்றை அப்படியே திருப்பி வைக்கும். வேறொன்றில் இரண்டு ஹைட்ரஜனைச் சேர்க்கும். இவைதான் மாற்றம் பெற்ற நியூக்ளியோசைடுகள். இவை அதிகம் இருக்கும் இடம் டி.ஆர்.என்.ஏ. அது செல்லுக்குள் புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு போகும் சின்ன ஆர்.என்.ஏ. நம் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்கள் மாதிரி என்று வைத்துக்கொள். தலையில் துணியைச் சும்மாடாகச் சுற்றிக்கொள்ளாமல் எவரும் மூட்டையைத் தூக்குவதில்லை அல்லவா? இந்த மாற்றங்களில் சில அந்தச் சும்மாட்டு வேலையைத்தான் செய்கின்றன. சரம் மடிந்து நிற்கும் வடிவம் குலையாமல் பார்த்துக்கொள்கின்றன. இன்றைக்கு இதை எல்லாரும் எழுதுகிறார்கள். நான் ஆரம்பித்தபோது அந்த மாற்றங்கள் எதற்கு என்று கேட்டால் பெரியவர்களே தோளைக் குலுக்குவார்கள்.

இந்த டி.ஆர்.என்.ஏ ஏராளமாகக் கிடைக்கும் இடம் மீனின் முற்றாத சினை. பெரிய முட்டை உருவாவதற்கு முன்னால் மீன் இதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எங்கள் துறையில் மற்றவர்கள் ஈஸ்ட்டுக்கும் எலிக்கும் காத்துக்கிடந்தபோது, எனக்கு அண்ணன் லாஞ்சு வைத்திருந்தார். சூசை மாமாவிடம் வாய் அகன்ற ஒரு ஃபிளாஸ்க்கும் ஐஸும் கொடுத்துவிடுவேன். கடலிலேயே பாறை மீனை அறுத்து, சினையை ஐஸில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார். ஆனாலும் முதலில் கொண்டுவந்த சினை எல்லாம் வீணாகத்தான் போயிற்று. எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் ஆர்.என்.ஏ தூள் தூளாக இருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒருநாள் விடியற்காலை நானே கரைக்குப் போய் நின்று பார்த்தேன். என் அண்ணி, உன் மேரி அத்தை, ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒவ்வொரு சினையையும் எடுத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். மீன் விற்கிறவள் வேறு எப்படிச் செய்வாள்? முற்றியதா, முற்றாததா என்று விரலுக்குத்தானே தெரியும்! எனக்கு நல்லதைப் பொறுக்கித் தருகிறாளாம். மனிதனுடைய விரல் வியர்வையில் ஆர்.என்.ஏவை வெட்டித் தின்னும் நொதி இருக்கிறது அருள். அத்தை அன்போடு தொட்ட சினை எல்லாம் என் கைக்கு வரும்முன்பே செத்துவிட்டது.

சொன்னேன். அவளுக்கு வந்த கோபம்! “இன்னாமே, என் கை கலீஜா? உன் புள்ளைக்கு இந்தக் கையாலதான சோறு ஊட்னேன்?” என்று கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “கலீஜு இல்லண்ணி, எல்லார் கையும் அப்படித்தான், என் கையும் அப்படித்தான், நானே உறை போட்டுக்கினுதான் தொடறேன்” என்று கெஞ்சிச் சமாதானம் செய்தேன். மறுநாளிலிருந்து எவர்சில்வர் கரண்டி வந்தது. அத்தை கரண்டியால் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிறம் பார்த்துச் சொன்னாள். லாஞ்சில் வலை இழுக்கிற பையன்கள்கூட என் ஃபிளாஸ்க்கைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கிடைத்த ஆர்.என்.ஏ முழுசாக இருந்தது. நீ சொல்கிற அந்தப் பேச்சும் சத்தமும் இல்லாவிட்டால் என் ஆராய்ச்சி சினைக்குள்ளேயே அழுகியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

சரத்தைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்தால்தான் எந்த எழுத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடியும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, காஸ்டிக் என்ற காரத்தில் போட்டு ராத்திரி முழுக்க வைப்பது. மலிவு, சுலபம், எங்கள் துறையில் பரம்பரையாகச் செய்வது. இன்னொன்று, கண்ணாடி விரியன் விஷத்திலிருந்து எடுத்த நொதியால் மெதுவாக வெட்டுவது. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். விஷம் என்றதும் அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிரித்ததை மெல்லிய தகட்டில் ஒரு துளி வைத்து, கரைப்பானில் நிறுத்தினால், ஒவ்வோர் எழுத்தும் தன் குணத்துக்கேற்ற தூரம் ஏறி நின்றுவிடும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். நான்கு பெரிய புள்ளிகள் எல்லாருக்கும் வரும். அவற்றுக்கு அப்பால், ஓர் ஓரத்தில், எனக்கு மட்டும் ஒரு சின்னப் புள்ளி வந்தது. ஒன்று-மெத்தில் அடினோசின். அடினோசினின் வளையத்திலேயே, ஒன்றாம் இடத்தில், மெத்தில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்த அன்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்ததை ஒரு கண்டக்டர் முறைத்துப் பார்த்தார்.

எங்கள் துறைத் தலைவர்தான் எனக்கு வழிகாட்டி. பேர் வேண்டாம். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், கெட்டிக்காரர், ஆனால் தான் சொன்னது தப்பாகிவிடும் என்றால் அவருக்குச் சோறு இறங்காது. முன்பே அதே மாதிரி மீன் சினையில் ஆறு-மெத்தில் அடினோசின் இருப்பதாக ஒரு கட்டுரை போட்டிருந்தார். அதில் மெத்தில் வளையத்துக்கு வெளியே, ஆறாம் இடத்தில் இருக்கும். நான் சொன்னது ஒன்றாம் இடம். என் ஆர்.என்.ஏவில் கொஞ்சம் வாங்கி, அவருடைய ஆளை விட்டு வழக்கம்போல் காஸ்டிக்கில் பிரிக்கச் சொன்னார். என் புள்ளி வரவில்லை, அவருடைய புள்ளிதான் வந்தது. என்னைக் கூப்பிட்டார். மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். “உங்க புள்ளி மீன்ல இல்லம்மா. அலமாரியில இருக்கிற புட்டியில இருக்கு. யாரோ அதுலேர்ந்து ஒரு சொட்டு எடுத்து ஊத்தியிருக்காங்க” என்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்கி வைத்த அசல் ஒன்று-மெத்தில் அடினோசின் புட்டியைத்தான் சொன்னார். யாரோ என்றாலும் அந்த அறையில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் விளக்கம் சொல்ல வந்ததை அவர் கேட்கவே இல்லை. அந்தப் புள்ளியைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் இல்லை என்றும் சொன்னார்.

எடுத்துவிட்டேன். அப்பாவும் நானும் இரண்டு நாள் பேசித்தான் முடிவு செய்தோம். பட்டம் கையில் இருந்தால் பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது தப்பான கணக்கு அருள். புட்டியிலிருந்து ஊற்றினவள் என்ற பேரை வைத்துக்கொண்டு பட்டம் வாங்கினால், அந்தப் பேருக்கும் சேர்த்துத்தான் பட்டம் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் எந்தப் புள்ளியைக் காட்டினாலும், ‘எந்தப் புட்டி?’ என்றுதானே கேட்பார்கள்? இது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, ஆய்வேட்டை பைண்டு செய்யக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் சூசை மாமா வந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். “இன்னாமே, மொகம் தொங்கிகினு கீது?” என்றார். வெங்காயம் என்றேன். “வெங்காயம் என்கிட்டயேவா? சொல்லு” என்றார். சொன்னேன். ஒன்றாம் இடம், ஆறாம் இடம் எல்லாம் அவருக்கு வேண்டாம். ‘ஊற்றினாய் என்று சொன்னார்கள்’ என்ற ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. “நீ ஊத்துனியா?” என்று நேராகக் கேட்டார். “இல்லண்ணே.” “செரி. இப்ப மேல இன்னா நடக்கும்?” வைவா நடக்கும் என்றேன். அப்படி என்றால் என்ன என்றார். “ஒரு பெரிய ரூம்ல எல்லாரும் வருவாங்க. யாரு வேணா வரலாம். நான் நடுவுல நிக்கணும், கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லணும்.” “தீர்ப்பு யாரு சொல்வாங்கோ? அந்த ஆளேவா?” “வெளியூர்லேர்ந்து ஒரு பெரியவர் வருவார், அவர்தான்.” மாமா தலையை ஆட்டினார். “அப்ப செரி. என்னிக்கு?” வெள்ளிக்கிழமை என்றேன். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் என்ன புரிந்துகொண்டு போனார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நம் தெருவில் பஞ்சாயத்து எப்படி நடக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய், ஆனால் கவனித்திருக்கமாட்டாய். குற்றம் சாட்டப்பட்டவர் நடுவில் நிற்பார். அவரை நம்புகிறவர்கள் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். யார் உட்காருகிறார்களோ அவர்கள் ‘எனக்கு இதில் சம்பந்தமில்லை’ என்று சொல்வதாக அர்த்தம். தீர்ப்பு வரும்வரை பின்னால் நிற்கிறவர் உட்காரக்கூடாது. வெயிலானாலும் சரி, கால் வலித்தாலும் சரி.

வெள்ளிக்கிழமை காலை. துறைத் தலைவர், பெங்களூரிலிருந்து வந்த தேர்வாளர், ஆசிரியர்கள், மாணவர்கள். தேர்வாளர் கும்பகோணத்துக்காரர், தலை முழுக்க நரை, பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று ஆரம்பித்தேன். கதவு திறந்தது. சூசை மாமா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்தரியம். பின்னால் மேரி அத்தை, திருநாளுக்குக் கட்டும் பட்டுப்புடவையில். அவளுக்குப் பின்னால் லாஞ்சு ஆட்கள் அத்தனை பேரும், தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரிக்கொண்டு. கடைசியில் அப்பா, கூச்சத்தோடு. விறுவிறுவென்று நடந்து வந்து எனக்குப் பின்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். பியூன் பெஞ்சு இழுத்துப் போட்டார். “வாணாம்பா, நாங்க நிக்கறோம்” என்றார் மாமா. எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. வெட்கம்தான், மறைப்பானேன்? துறைத் தலைவர் எழுந்து, “இதெல்லாம் யாரு? இது என்ன மீன் மார்க்கெட்டா?” என்றார். உன் கடைசிப் பத்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது அருள்.

தேர்வாளர் கண்ணைத் திறந்து, “யாரும்மா இவங்க?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். “நாங்க பொண்ணு வூட்டு ஆளுங்க சார். ராயபொரம், கல்மண்டபம். இன்னிக்குப் பஞ்சாயத்துன்னு சொல்லிச்சு, அதான் வந்துகீறோம்.”

“பஞ்சாயத்தா? எதுக்கு?”

“எங்க தங்கச்சி புட்டிலேர்ந்து இன்னாத்தையோ எடுத்து ஊத்திடுச்சின்னு பேசிக்கினாங்களாமே சார். அது ஊத்தலன்னு சொல்லுது. நாங்க நம்பறோம். நீங்க பெரியவரு, கேட்டு ஒரு முடிவு சொல்லுங்கோ. அதுவரிக்கும் ஒரு ஓரமா நிக்கறோம், சத்தம் போடமாட்டோம்.”

எதை மூடி மறைத்து, பைண்டு போட்டு, தங்க எழுத்தில் தலைப்பும் அடித்து மேஜைமேல் வைத்திருந்தோமோ, அதை மாமா ஒரே நிமிஷத்தில் எடுத்து நடுவில் போட்டுவிட்டார். தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். “இதுல புட்டியப் பத்தி ஒண்ணும் இல்லியே” என்றார். “அந்த அத்தியாயத்த எடுத்துட்டேன் சார்” என்றேன். “ஏன்?” என்றார். பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது எனக்குப் பயம் எங்கிருந்து வரும்? எடுக்கச் சொன்னார்கள் என்றேன். என் புள்ளி, தலைவருடைய புள்ளி, ஒன்றாம் இடம், ஆறாம் இடம், எல்லாவற்றையும் பலகையில் வரைந்தேன். தேர்வாளர் துறைத் தலைவரைப் பார்த்து, “நீங்க எப்படிப் பிரிச்சீங்க?” என்று கேட்டார். “வழக்கமான முறைதான். காஸ்டிக். ஒரு ராத்திரி” என்றார் அவர். தேர்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டில் சிரிப்பு மட்டும் தெரிந்தது. “காஸ்டிக் என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?” என்று என்னைக் கேட்டார். “தெரியும் சார். காட்டவும் முடியும்” என்றேன். இதைச் சொல்லத்தான் மாதக்கணக்காக எனக்குத் தொண்டை அரித்துக்கொண்டிருந்தது.

“காட்டுங்க. நான் நாளைக்கு ஊருக்குப் போறேன்” என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். நான் எதையும் தொடக்கூடாது. எல்லாவற்றையும் அவரே செய்வார். பிறகு யாரும் ஊற்றினாள் என்று சொல்லக்கூடாது அல்லவா? குளிர்பெட்டியில் மிச்சமிருந்த என் ஆர்.என்.ஏவை அவரே எடுத்தார். விரியன் நொதியை அவரே சேர்த்தார். தலைவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, எத்தனை சொட்டு, எவ்வளவு நேரம் என்று வாயால் மட்டும் சொன்னேன். வெட்டி முடிந்ததும் அதை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியை அப்படியே வைத்தார். இன்னொரு பாதியில், காஸ்டிக் மாதிரியே ஒரு காரமான அம்மோனியாவைச் சேர்த்து, குழாயின் வாயை உருக்கி மூடி, கொதிக்கும் நீரில் வைத்தார். இரண்டையும் ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கரைப்பானில் நிறுத்தினார். நம் ஆட்கள் சாயங்காலம் வரைக்கும் ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றுகொண்டே இருந்தார்கள். அத்தை கொண்டுவந்திருந்த சோற்றையும் மீன் குழம்பையும் நின்றபடியே சாப்பிட்டார்கள். மாணவர்களில் இரண்டு பேர் அவர்களிடம் போய்க் கை நனைத்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

தகடு காய்ந்தது. இருட்டறை சின்னது, ஆனால் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். தேர்வாளர் விளக்கைப் போட்டார். பச்சை ஒளியில் கறுப்புப் புள்ளிகள். இடது பக்கம், அம்மோனியா படாத பாதியில், என் புள்ளி, நான் சொன்ன இடத்தில், அழகாக. வலது பக்கம், அம்மோனியாவில் வெந்த பாதியில், என் இடம் காலி. மேலே, தலைவர் சொன்ன இடத்தில் ஒரு புள்ளி. ஒரே மீன், ஒரே சினை, ஒரே குழாயிலிருந்து பிரித்த இரண்டு பாதி. அருள், எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

“இதுல எது சார் எங்களுது?” என்று மாமா இருட்டில் மெதுவாகக் கேட்டார். தேர்வாளர் அவருக்குத்தான் பதில் சொன்னார், தலைவருக்கு அல்ல. “ரெண்டுமே உங்களுதுதான்யா. மீன்ல இருந்தது இந்த இடது பக்கத்துப் புள்ளி. காரத்துல போட்டுச் சூடு பண்ணினா வளையம் தெறந்து, திரும்பி, மறுபடி மூடிக்கும். உள்ள இருந்த மெத்தில் வெளியில போய் உக்காந்துடும். அதுதான் வலது பக்கம். உங்க தங்கச்சி எதையும் ஊத்தலை. இவங்கதான் வேக வெச்சிட்டாங்க.” துறைத் தலைவர் விளக்கின் பக்கத்தில் குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, “நான் அன்னிக்கு மாணவர்கள் முன்னாடி சொன்னது தப்பும்மா” என்றார். மாணவர்கள் அப்போதும் இருந்தார்கள், அவர் அது தெரிந்தேதான் சொன்னார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். வெளியே வந்ததும் அவரே ஒரு பெஞ்சை இழுத்து மாமாவுக்குப் போட்டார். மாமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கேஸு முடிஞ்சிதா?” என்றார். “முடிஞ்சிதுண்ணே” என்றேன். “அப்ப குந்தலாம்” என்று சொல்லி உட்கார்ந்தார். அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். மேரி அத்தை கால் வீங்கியிருந்தது.

எடுத்த அத்தியாயத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித்தான் தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். அன்று கல்மண்டபத்திலிருந்து நம் தெருவரைக்கும் என்னை மீன்பாடி வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே! லாஞ்சுப் பையன் ஒருவன் மிதித்தான், இரண்டு பேர் பட்டாசு வெடித்தார்கள், மாமா முன்னால் நடந்தபடி, “ஓரம், ஓரம், டாக்டரம்மா வருது” என்று கத்திக்கொண்டு போனார். என்ன டாக்டர், ஊசி போடுவாளா என்று ஒருத்தி கேட்டாள். “அய்ய, இது மீனுக்கு டாக்டரு” என்றாள் உன் அத்தை. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மேடை ஏறினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று சக்கர வண்டிக்கு உறை போடக் காணாது.

இப்போது நீ பெரிய மனிதனாகிவிட்டாய். சந்தோஷம். உன் திறமை உன்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் படித்த விஷயத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், கேள். நான்கு எழுத்தில் எழுதியது மட்டும் போதும் என்றால் செல் பிறகு இவ்வளவு பாடுபட்டு ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்காது. எழுதி முடித்த பிறகு யார் யார் தொட்டுத் திருத்தினார்களோ அதனால்தான் அது நிமிர்ந்து நின்று சுமை தூக்குகிறது. உன்னைப் பெற்றது நாங்கள் இரண்டு பேர். நீந்தக் கற்றுக்கொடுத்தது மாமா. அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்திலேயே கிடந்தது அத்தை. நான் ஆய்வுக்கூடத்தில் இருந்த நாளெல்லாம் உனக்குச் சோறு போட்டது இந்தத் தெரு. சூடான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அதெல்லாம் இடம் மாறிவிடக்கூடாது. ஸ்டெல்லாவுக்கும் இதைப் படித்துக் காட்டு. அவள் கெட்டிக்காரப் பெண், எனக்குப் போன மாதம் எழுதிய கடிதத்திலேயே தெரிந்தது. உன் ஆபீஸ் பெரியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கும்பகோணத்துப் பெரியவரைவிடப் பெரியவர்களாக இருக்க முடியாது. அவர் விடைபெறும்போது மாமாவிடம்தான் முதலில் கை கொடுத்தார்.

கடைசியாக ஒன்று. நேற்று நம் தெருவில் பத்திரிகை வைத்துவிட்டேன். கோயிலுக்கும் ஓட்டலுக்கும் சேர்த்துத்தான். எல்லாரும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாமா மட்டும் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓட்டலு பெர்சா கீதே. மருமவன் ஆபீஸுகாரங்கோ எல்லாம் வருவாங்கோ. நாங்க வர்லாமா? இல்ல, கோயிலோட நின்னுக்கலாமா? அவன் இன்னா சொன்னான்?” என்று கேட்டார். அந்த அறைக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்த மனிதர் அருள். குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: “அவன்தாண்ணே எழுதிகீறான், மாமா வராம ரிசப்ஷன் கெடியாதுன்னு. உனக்குத் தனியா லெட்டர் போடறானாம்.” அவருக்கு முகமெல்லாம் பல். இன்று காலையிலிருந்து தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

அம்மா